ஆளாமல் அனுபவிப்பது

வீட்டிலிருக்கும் வைஃபை பெட்டியைத் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு. அமெரிக்காவிலும் விற்கப்படும் கருவி என்றால், அதன் அடியிலோ கூட வந்த தாளிலோ பொடியெழுத்தில் இரண்டு நிபந்தனைகள் இருக்கும். இந்தக் கருவி பிறருக்குக் கெடுதலான இடையூறு செய்யக் கூடாது. பிறரிடமிருந்து எந்த இடையூறு வந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிகளில் 15ஆம் பகுதி சொல்வது இது. அலைக்கற்றையைப் புழங்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது. யாரேனும் தொந்தரவு செய்தால் வழக்காட முடியாது. விலகு என்றால் விலக வேண்டும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அசிசி பிரான்சிசின் துறவிகள் நினைவுக்கு வருகிறார்கள். என் அம்மா தூத்துக்குடியில் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் இருந்தவர். இல்லறத்தில் இருந்துகொண்டே அசிசியாரின் ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறவர்களின் சபை அது. பிள்ளைகள் நாங்கள் எதையாவது "என்னுது, என்னுது" என்று பிடித்து இழுத்தால், "ஆண்டவருதுல. நீ பொழங்கிக்கோ, அவ்வளவுதான்" என்பார். நான் கப்பலில் ரேடியோ ஆபீசராகப் போனேன். கப்பல்காரர்கள் வழக்கில் மார்க்கோனி சாப். சொந்தமில்லாத ஒன்றை நியாயமாகப் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி அம்மா வழியாக எனக்கு வந்தது. அலைகளோடு வாழ்ந்த பிழைப்பு அதை விடாமல் வளர்த்தது.

பிரான்சிஸ்கன் துறவிகள் இந்தக் கேள்விக்காகவே ஒரு நூற்றாண்டு போராடினார்கள். தனியாளாகவும் சபையாகவும் எதற்கும் உரிமையாளராக இருக்க மாட்டோம் என்பது அவர்கள் வாக்குறுதி. ஆனால் உண்ண வேண்டும், உடுத்த வேண்டும், செபப் புத்தகம் வேண்டும். அதற்கு உரோமை ஒரு வழி செய்தது. அவர்களுக்குக் கிடைக்கும் பொருள்களின் உரிமை திருப்பீடத்தினுடையது, பயன்பாடு மட்டும் துறவிகளுடையது. 1279இல் திருத்தந்தை 3ஆம் நிக்கோலாஸ் இதை உறுதிப்படுத்தினார். 1322 டிசம்பரில் 22ஆம் யோவான் அந்த ஏற்பாட்டை உடைத்தார். அவர் சட்டம் படித்த மனிதர், வாதம் கூர்மையானது. தின்றால் தீர்ந்துபோகும் ரொட்டியில் உரிமை ஒருவரிடமும் பயன்பாடு இன்னொருவரிடமும் எப்படி இருக்கும்? தின்று முடித்த பின் உரோமையின் கையில் மிஞ்சுவது என்ன? ஆகவே தின்கிறவனே உடைமையாளன், மற்றதெல்லாம் பாவனை என்றார்.

1328 மே மாதம் சபைத்தலைவர் செசேனாவின் மிக்கேலும் ஆங்கிலேயத் துறவி ஓக்கமின் வில்லியமும் அன்று திருத்தந்தை தங்கியிருந்த அவிஞ்ஞோனிலிருந்து இரவோடு இரவாகத் தப்பி ஓடினார்கள். பிறகு வில்லியம் ஜெர்மனியில் உட்கார்ந்து திருத்தந்தைக்கு எதிராக நீண்ட நூல் ஒன்றை எழுதினார். அதில் எனக்குப் பிடித்த வாதம் ஒன்று உண்டு. உரிமை வேறு, அனுமதி வேறு. உரிமை உள்ளவன் அது பறிக்கப்பட்டால் நீதிமன்றம் போகலாம். அனுமதி பெற்றவன் போக முடியாது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அப்படி இருந்தும் அவன் உண்பதும் உடுத்துவதும் முழுக்க நேர்மையானவையே. துறவி கேட்டது இந்த இரண்டாவது நிலையை மட்டும்தான். வைஃபை பெட்டியின் அடியில் இருக்கும் இரண்டு வரியும் ஏறத்தாழ இதே நிலைதான்.

ரொட்டி வாதத்துக்கு வருவோம். ரொட்டி தீரும், துணி நையும், நிலம்கூட உழுது உழுது சலிக்கும். ரேடியோ அலைக்கற்றை அப்படியல்ல. ஒரு அலைவரிசையில் நூறு ஆண்டு பேசினாலும் அது தேயாது. அனுப்புவதை நிறுத்திய கணமே பழைய முழுமையோடு இருக்கும். தேயாத ஒரு பொருளைப் பற்றி 1322இல் யாரும் 22ஆம் யோவானிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சும்மா விட்டிருக்கவும் மாட்டார். அலை தேயாது சரி, அந்த நேரம்? நீ பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில் இன்னொருவன் பேச முடியாமல் போனதே, அது திரும்புமா என்றிருப்பார். அது சரியான கேள்வி. அலைக்கற்றையில் நாம் தின்பது அடுத்தவனுடைய நேரத்தை.

1912 ஏப்ரல் 14 இரவு, பனிக்கட்டிகளுக்கிடையே நின்றுவிட்ட கலிஃபோர்னியன் கப்பலின் ஆபரேட்டர் சிரில் எவன்ஸ், டைட்டானிக்கை அழைத்து அதைச் சொல்லப் பார்த்தார். டைட்டானிக்கின் ஜாக் ஃபிலிப்ஸ் பயணிகளின் தந்திகளைக் கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்பும் அவசரத்தில் இருந்தார். குறுக்கே வராதே என்று எவன்ஸின் வாயை அடைத்தார். எவன்ஸ் சற்று நேரம் கழித்துக் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். சில நிமிடங்களில் டைட்டானிக் மோதியது. இருவரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஒருவர் தன் வேலையைப் பார்த்தார், மற்றவர் வேலை முடிந்து தூங்கினார். அந்த ஆண்டே அமெரிக்கா வானொலிச் சட்டம் கொண்டுவந்தது. பின்வந்த பன்னாட்டு விதிகளில் எங்கள் தொழிலின் மிகப் பெரிய ஒழுங்கு உருவானது: மௌன நேரம்.

எங்கள் காலத்தில் கப்பல் ரேடியோ அறையின் கடிகாரத்தில் இரண்டு சிவப்புப் பட்டைகள் இருக்கும். ஒவ்வொரு மணியிலும் 15ஆம் நிமிடத்திலிருந்து 18 வரை, 45லிருந்து 48 வரை. அந்த மூன்று நிமிடங்களில், கப்பல்களின் ஆபத்து அலைவரிசையான 500 கிலோஹெர்ட்ஸில் ஆபத்து அழைப்பைத் தவிர யாரும் எதையும் அனுப்பக் கூடாது. காவலில் இருப்பவர்கள் காது கொடுக்க வேண்டும். மெட்ராஸ் ரேடியோ, பம்பாய் ரேடியோ, பெயர் தெரியாத சரக்குக் கப்பல்கள் என்று தடதடத்துக்கொண்டிருக்கும் அலைவரிசை முள் சிவப்பைத் தொட்டதும் ஓயும். மிஞ்சுவது வளிமண்டலத்தின் சடசடப்பு மட்டும். கோடைகால வங்காள விரிகுடாவில் அது காதைக் கிழிக்கும். அந்தச் சத்தத்துக்குள், பலவீனமான பேட்டரியில் யாரோ எங்கோ விரல் நடுங்கத் தட்டுகிறானா என்று தேட வேண்டும். எனக்கு அது விதியாகத் தொடங்கியது. நாளடைவில் என் செபமே அதுதான் ஆயிற்று. இல்லாத ஒருவருக்காக, இருக்கக்கூடும் என்பதற்காக மட்டும், கடலில் இருக்கும் எல்லாரும் சேர்ந்து வாயை மூடிக்கொள்வதைவிடப் பெரிய அயலார் அன்பை நான் கோயிலிலும் பார்த்ததில்லை. 1999 பிப்ரவரியில் செயற்கைக்கோள் வழி ஆபத்துதவி முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது; மார்க்கோனி சாப்களின் காலம் முடிந்தது.

அதே 1999இல்தான் ஜோசப் மிட்டோலா என்ற அமெரிக்கப் பொறியாளர், ஜெரால்டு மெக்வயருடன் சேர்ந்து, காக்னிட்டிவ் ரேடியோ என்ற கருத்தை எழுதினார். தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று அறிந்து, அதற்கேற்பத் தன் அலைவரிசையையும் வலுவையும் தானே மாற்றிக்கொள்ளும் ரேடியோ. 2002இல் எஃப்சிசியின் பணிக்குழு அலைக்கற்றையை ஆராய்ந்து, உரிமம் கொடுத்த பட்டைகளில் பல, பெரும்பாலான நேரம் பல இடங்களில் சும்மா கிடக்கின்றன என்றது. அப்படியானால் உரிமம் பெற்றவர் பேசாதபோது இன்னொருவர் அங்கே பேசலாமே. முதலாமவர் வாயைத் திறந்ததும் இவர் நகர்ந்துவிட வேண்டும். பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ 2011இல் வெளியிட்ட 802.22 தரம் இதைத் தொலைக்காட்சிப் பட்டைகளில் செய்யக் கற்றுக்கொடுத்தது. அந்தத் தரத்தில் ஒன்றைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு வட்டாரத்திலுள்ள கருவிகள் எல்லாம் குறித்த இடைவெளியில் ஒன்றாகப் பேச்சை நிறுத்தி, முதலாமவர் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். மில்லிசெகண்டுக் கணக்கில்தான், என்றாலும் அது மௌன நேரமேதான்.

எவ்வளவு மெல்லிய ஒலியைக் கேட்க வேண்டும் என்பதையும் அந்தத் தரம் சொல்கிறது. டிஜிட்டல் தொலைக்காட்சிக்கு மைனஸ் 114 டிபிஎம். ஒரு வாட்டை இரண்டரைக் கோடி கோடிப் பங்கு வைத்தால் ஒரு பங்கு. 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சேனலில், கருவிக்குள்ளேயே வெப்பத்தால் எழும் இரைச்சல் அதைவிடச் சுமார் ஆறு மடங்கு. அதாவது தன் சொந்த இரைச்சலைவிட மெலிந்த குரலை அது கண்டுபிடிக்க வேண்டும். நீண்ட நேரம் கேட்டுக் கேட்டுச் சராசரி எடுத்தால் முடியும் என்றுதான் தோன்றும். 2008இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராகுல் தண்ட்ராவும் அனந்த் சகாயும் இங்கே ஒரு சுவரைக் காட்டினார்கள். ஆற்றலை மட்டும் அளந்து கேட்கும் கருவிக்குத் தன் இரைச்சலின் அளவு துல்லியமாகத் தெரியாவிட்டால், ஒரு எல்லைக்குக் கீழே எவ்வளவு காலம் கேட்டாலும் பயனில்லை. ஒரு மணி நேரம் கேட்டாலும் ஒரு யுகம் கேட்டாலும் அதே இருட்டு. வந்தது அடுத்தவன் குரலா, தன் இரைச்சலின் ஏற்றமா என்று பிரித்தறிய வழியில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அயலானை நேசிப்பதற்கும் என் உள்ளத்தைத் துருவுவதற்கும் என்ன தொடர்பு என்று சிறுவயதில் புரியவில்லை. தண்ட்ரா, சகாய் கணக்கைப் படித்தபோது அந்தத் தொடர்பு விளங்கியது. நல்லெண்ணத்தோடு, பொறுமையாக, நீண்ட நேரம் காது கொடுப்பது போதும் என்றே நாம் நினைக்கிறோம். தன் இரைச்சலின் அளவை அறியாதவனுக்குப் பொறுமை உதவாது. இதை ஒரு குருவானவர் சொல்லியிருந்தால் உபதேசம் என்று விட்டிருப்பேன். கணிதம் சொல்லும்போது தலை குனிந்துதான் ஆக வேண்டியிருக்கிறது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. கேட்கும் கருவி கேட்பது கோபுரத்தை, அதாவது பேசுகிறவரை. இடையூறால் பாதிக்கப்படுவது பேசுகிறவர் அல்ல. தொலைவில் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிறது. மலைச்சரிவின் இந்தப் பக்கம் நான். என் கருவிக்குக் கோபுரத்தின் அலை எட்டவில்லை, பட்டை காலி என்கிறது. மலைமுகட்டில் ஒரு வீடு. அங்கே கூரை ஆன்டெனாவில் படம் தெளிவாக வந்துகொண்டிருக்கிறது. நான் பேசத் தொடங்கியதும் அந்தப் படம் சிதறும். சிதறியது எனக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்தப் பெட்டி எதையும் அனுப்புவதில்லை. அது கேட்கிற பெட்டி. ரிசீவருக்குள்ளிருந்து கசியும் நுண்ணிய அலையைக் கொண்டு அது இருக்கும் இடத்தைக் கண்டறியலாம் என்றுகூட 2005இல் பெர்க்லி ஆய்வாளர்கள் யோசனை சொன்னார்கள். அந்த முயற்சியின் நெஞ்சை நான் மதிக்கிறேன். ஊரெங்கும் செய்யக்கூடிய காரியமாக அது ஆகவில்லை.

இதனால்தான் எஃப்சிசி வேறு பாதைக்குப் போனது. 2008இல் தொலைக்காட்சிப் பட்டைகளின் காலி இடங்களைத் திறந்தபோது, இருப்பிடத்தைச் சொல்லித் தரவுத்தளத்தைப் பார்க்கவும் வேண்டும், காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும் என்றது. 2010இல், தரவுத்தளத்தைப் பார்க்கும் கருவிகளுக்குக் காதுக் கட்டாயத்தை நீக்கியது. இனி கருவி தான் நிற்கும் இடத்தைச் சொன்னால் போதும். எந்தச் சேனல் காலி என்று பட்டியல் சொல்லும். மலைமுகட்டு வீட்டைப் பட்டியல் காப்பாற்றும், காது காப்பாற்றாது. அந்த வகையில் முடிவு சரி, மறுக்க மாட்டேன். பட்டியலில் ஏறாதவர் நிலைமை என்ன என்பதுதான் என்னை உறுத்துகிறது. நியாயப்பிரமாணம் அறிந்தவர்களுக்கு இது பழைய வழக்கு. எழுத்து, எழுதப்பட்டவர்களைக் காக்கும்.

காதுக்கு மறுபடி வேலை வந்தது கடலால். அமெரிக்கக் கடற்படையின் ரேடார்கள் இயங்கும் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையை 2015இல் பகிர்வுக்குத் திறந்தார்கள். சிபிஆர்எஸ் என்று பெயர். மூன்று படிகள்: முதலில் கடற்படை போன்ற பழையவர்கள், அடுத்து ஏலத்தில் வாங்கியவர்கள், கடைசியில் எல்லாரும். 2020 ஏலத்தில் நிறுவனங்கள் 458 கோடி டாலர் கொட்டின. அப்படிக் கொட்டியவரும் தன் சேனலை ஓரிடத்தில் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், மூன்றாம் படிக்காரர் அங்கே இலவசமாகப் புழங்கலாம். பூட்டி வைப்பதற்குப் பணம் உரிமை தராது. தேவையில் இருப்பவனுக்குமுன் சொத்துரிமை தளரும் என்ற அக்குவினாஸ் தோமாவின் வாதத்துக்கு இவ்வளவு அருகில் வந்த வணிகச் சட்டம் எனக்கு வேறு தெரியாது.

எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று கடற்படை பட்டியல் கொடுக்குமா? கொடுக்காது. ஆகவே கரையோரம் முழுக்கக் காதுகள் நட்டார்கள். ரேடார் கேட்டதும் அந்தக் காது ஒருங்கிணைக்கும் கணினிக்குச் சொல்லும். சில நிமிடங்களுக்குள் கீழ்ப்படிக்காரர்கள் விலக வேண்டும். கப்பலின் நடமாட்டத்தைப் பற்றிக் கேட்டதைச் சேமித்து வைக்கக் கூடாது என்பதும் விதி. பாவசங்கீர்த்தன இரகசியம் காக்கும் குருவானவர் கேட்பது இப்படித்தான்: விலகுவதற்கு வேண்டிய அளவு மட்டும்.

என் தங்கை மகள் வர்ஜீனியாவில் இந்தப் பட்டையில் கோபுரங்கள் திட்டமிடும் வேலை பார்க்கிறாள். நான் நிலக்கரி ஏற்றப் போன நார்ஃபோக் துறைமுகத்துக்குப் பக்கம்தான். அங்கே விமானந்தாங்கிக் கப்பல்கள் வரிசையாகக் கட்டிக் கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒருநாள் போனில் சலித்துக்கொண்டாள். "மாமா, பீச்சு பக்கத்துல ஒரு கஸ்டமருக்கு பவர் கூட்டிக் குடுக்க முடியல. கப்பலே இல்ல. கப்பல் வந்தா அந்தக் காதுக்குக் கேக்கணுமாம், அதுக்காக நாங்க முணுமுணுத்துக்கிட்டு இருக்கோம்." கடலோரக் காதுகளைச் சுற்றி இருப்பவர்கள் தணிந்து பேச வேண்டிய வட்டாரங்களுக்கு அங்கே கிசுகிசு மண்டலம் என்றே பெயர். அவளுக்கு அது நஷ்டக் கணக்கு. எனக்கோ தொண்டை அடைத்துக்கொண்டது. நீயும் மார்க்கோனி சாப் பரம்பரைதான் பிள்ளே என்றேன். அவளுக்குச் சிவப்புப் பட்டைக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல அன்று இரவு போதவில்லை.

விதியும் இயந்திரமும் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, ரேடார் பட்டைகளில் பேசுவதற்குமுன் 60 விநாடி கேட்க வேண்டும். ரேடார் கேட்டால் 10 விநாடியில் விலகி, 30 நிமிடம் அந்தப் பக்கம் வரக் கூடாது. 2009இல் புவேர்ட்டோ ரீக்கோவின் சான் வான் விமான நிலையத்துக்கான வானிலை ரேடார் திரையில் கோடுகள் விழுந்தன. தரையிறங்கும் விமானத்தைக் கவிழ்க்கக்கூடிய காற்று முறிவைக் கண்டுபிடிக்கும் ரேடார் அது. இணைய சேவை தரும் சிலரின் கருவிகள் கேட்காமல் பேசிக்கொண்டிருந்தன. அத்தகைய வழக்குகளில் கேட்கும் வசதியை அணைத்து வைத்தவர்களுக்கு எஃப்சிசி அபராதம் போட்டது. கேட்டால் வேகம் குறைகிறது, வாடிக்கையாளர் புகார் சொல்கிறார், அவ்வளவுதான் காரணம். வாக்குறுதி கொடுத்த துறவிக்கும் நிபந்தனைக்கு உட்பட்ட பெட்டிக்கும் உள்ள தூரம் இங்கே தெரிகிறது. பெட்டி வாக்குறுதி கொடுக்க முடியாது. அதை நிறுவுகிறவன்தான் கொடுக்க வேண்டும். அவனிடம் அதை யாரும் கேட்டு வாங்கவில்லை.

2023 ஏப்ரலில் எஃப்சிசி ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. நெரிசலைத் தாங்குவதில் கேட்கும் கருவிகளுக்கும் பொறுப்பு உண்டு, அவை தரமாக இருக்க வேண்டும் என்பது சாரம். மட்டமான ரிசீவரை வைத்துக்கொண்டு பக்கத்துப் பட்டையையே முடக்குகிறவர்களைப் பற்றி அது சரி. ஆனால் எல்லா ரிசீவரும் அப்படியல்ல. மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கில் 100 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றி 1958 முதல் சுமார் 34,000 சதுர கிலோமீட்டர் அமைதி மண்டலம். அண்டத்து ஹைட்ரஜனின் குரல் 1420 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. 1400 முதல் 1427 வரை உலகில் யாரும் எதையும் அனுப்பக் கூடாது என்று தடை. அந்தத் தொலைநோக்கி எதையும் அனுப்பாது. எந்தப் பட்டியலிலும் சத்தம் போட்டு இடம் கேட்காது. அந்தச் சிறு பட்டைக்கு வெளியே, விரியும் அண்டத்தில் குரல் இழுபட்டு வேறு அலைவரிசையில் வந்தால், அதைக் கேட்கும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு இத்தனை உறுதியான காவல் இல்லை.

ஓக்கமின் வில்லியத்தோடு நான் முரண்படும் இடம் இது. வழக்காடும் உரிமையைத் துறந்தவன் பரிசுத்தன் என்பதை ஏற்கிறேன், ஏனெனில் அவன் அதைத் தெரிந்தே துறந்தான். தொலைநோக்கியோ மலைமுகட்டு வீடோ எதையும் துறக்கவில்லை. அவற்றுக்குக் குரல் இல்லை, அவ்வளவுதான். குரலற்றவனிடம் போய் நீயும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்பதைத் துறவு என்று நான் அழைக்க மாட்டேன். பகிரும் பட்டைகள் எல்லாவற்றிலும், தரவுத்தளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறித்த நேரத்தில் எல்லாரும் ஒன்றாக ஓயும் கட்டாயம் வேண்டும் என்பது என் கோரிக்கை. யாருக்காக என்று முன்கூட்டிப் பெயர் எழுத வேண்டாம். கப்பல்கள் அந்த ஒரு அலைவரிசையில் மணிக்கு ஆறு நிமிடம் கொடுத்தன, நூற்றுக்குப் பத்து. தங்கை மகளிடம் கேட்டேன். பத்தெல்லாம் எந்தக் கம்பெனியும் கொடுக்காது மாமா, ஒன்று என்றால் பேசிப் பார்க்கலாம் என்றாள். எல்லாக் கோபுரமும் ஒரே கணத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் கஷ்டமாம், அதற்கான நேர ஒத்திசைவு அவள் வேலை பார்க்கும் பட்டையின் நெட்வொர்க்குகள் பலவற்றில் ஏற்கனவே இருக்கிறதாம். ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.